தறிக்கூடத்துக் காற்று

திருத்தணிகையை நாடி வரும் யாத்திரிகர்களுள் பலர், 365 படிகளையும் ஏறி முருகனைத் தரிசித்து, அடிவாரத்துச் சரவணப் பொய்கைக் கரையில் சற்று இளைப்பாறிவிட்டு, வந்த வழியே ரயிலேறித் திரும்பிவிடுகிறார்கள். மலைக்கு மேற்கிலும் வடமேற்கிலும், ஆந்திர எல்லையை ஒட்டினாற்போல, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்க்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை, பள்ளிப்பட்டு, இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்று பரந்து கிடக்கும் ஊர்களில் தெருத்தெருவாக எழும் தறியோசை அவர்கள் செவிக்கு எட்டுவதில்லை. முருகனுடைய படைத்தலைவர்களான நவவீரர்களின் வழிவந்தோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் செங்குந்தர்கள் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக நெய்து வருகிறார்களாதலால், மலைமேல் நிற்கும் தெய்வத்துக்கும் கீழே ஓடும் தறிக்கும் உள்ள சம்பந்தம் நேற்று இன்று ஏற்பட்டதன்று. அந்தத் தறிகள் ஓடுகிற கூடங்களுக்குள்ளே மனிதர் சுவாசிக்கும் காற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அரசர்களுடைய சரித்திரத்தைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் இதை வெட்டி வைக்கவில்லை. சட்டப் புத்தகங்களிலும், வைத்தியர்களுடைய அறிக்கைகளிலும், நெசவாளர் வீட்டுச் சுவர்களிலும் அது சிதறிக் கிடக்கிறது. அதைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு ஒரு விஷயம் விளங்காமற் போகாது: தறிக்கூடத்துக் காற்று எக்காலத்திலும் நூலின் சௌகரியத்தை உத்தேசித்தே அமைக்கப்பட்டது, நெய்கிறவனுக்கு அதில் வாய்த்ததுதான் சுவாசம்.

பழைய குழித்தறியை எடுத்துக்கொள்வோம். தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி, விளிம்பில் அமர்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்து நெய்வது அதன் முறை. நீளவாக்கில் கட்டிய நூலாகிய பாவு தரைமட்டத்துக்கு அருகிலேயே நீண்டிருக்கும். குழியின் மண்ணில் ஊறிய குளிர்ச்சியும் ஈரமும் மெல்ல மேலெழுந்து அந்தப் பாவைத் தழுவிக்கொண்டே இருக்கும். பஞ்சு நூலுக்கு இயற்கையில் அமைந்த குணம் ஒன்று உண்டு. ஈரம் ஏறினால் அதற்கு வலு ஏறும், காய்ந்தால் முறுகி இற்றுவிடும். வேலூர்ச் சீமையின் வெயிலுக்குச் சற்றும் இளைக்காத வெயில் அடிக்கும் திருத்தணிப் பக்கத்தில், சித்திரை வைகாசி மாதங்களில் அனல் காற்று உள்ளே புகுந்தால் இழைக்கு இழை அறும். அறுந்ததை முடிந்து முடிந்தே பொழுது போய்விடும். ஆகையால் நெசவாளன் வீட்டில் சாளரம் சிறுத்திருந்ததும், தறி நின்ற அறை பட்டப்பகலிலும் அரை இருட்டாய் இருந்ததும், தரையில் தண்ணீர் தெளித்து வைத்ததும் அறியாமையாலன்று. அனுபவத்தாலே அறிந்து செய்த ஏற்பாடுகள் அவை.

ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டிலே நெஞ்சுக்கும் ஓர் ஓய்வு இருந்தது. நெசவில் ஒரு பாதி வேலை வீட்டுக்குள்ளே நடந்ததென்றால் மறு பாதி தெருவிலே நடந்தது. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், தெருவின் நீளத்துக்கோ மரநிழலிலோ பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்து, நீண்ட குச்சத்தால் இருபுறமும் நின்று ஆற்றிச் செல்வார்கள். வீட்டு ஆண்களும் பெண்களும் அண்டை வீட்டாரும் கூடினால்தான் அது முடியும். இறுகிய அறையில் நாள்கணக்காக அடைந்து கிடந்தவனுக்கு அந்தக் காலைகள் திறந்த வெளியின் காற்றைக் கொடுத்தன. இதைச் சொல்வதால் அக்காலத்து நெசவாளன் நோயின்றி வாழ்ந்தான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அடுப்புப் புகையும் விளக்குப் புகையும் குழியின் ஈரமும் சேர்ந்த அறையில் இருமாமல் முதுமை எய்தியவர்கள் சிலரே இருந்திருப்பார்கள். கைத்தறியைப் பற்றி நம்மவர் எழுதும் புகழுரைகளில் இந்த இருமல் ஏனோ கேட்பதில்லை.

வீட்டை விட்டு நெசவாளனை வெளியே கொண்டுவர ஒரு முயற்சி நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். சென்னை மாகாணத்தின் கைத்தொழில் அபிவிருத்திக்காக உழைத்த ஆல்பிரட் சாட்டர்டன், 1906ஆம் ஆண்டில் சேலத்தில் ஒரு நெசவுச்சாலையை ஏற்படுத்தி, நெசவாளர்களை ஒரே கூரையின்கீழ்க் கூட்டி, ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் விசை நாடா பூட்டிய தறிகளில் குறித்த நேரத்துக்கு வேலை செய்யப் பழக்கப் பார்த்தார். ஆனால் மணி அடித்தால் வந்து மணி அடித்தால் போகும் வாழ்வு நெசவாளருக்குப் பிடிக்கவில்லை. மனைவி ஊடை நூலைத் தாராகச் சுற்ற, மகன் இழை முடிய, தன் வீட்டில் தன் இஷ்டப்படி நெய்து பழகியவன் பிறர் கூரையை விரும்பவில்லை. சில ஆண்டுகளில் அந்தச் சாலை மூடப்பட்டது. சாட்டர்டனின் தோல்வி அன்றோடு முடிந்த சிறு சம்பவமாகத் தோன்றினாலும், தறி வீட்டை விட்டு நீங்காது என்ற அந்தத் தீர்ப்பின் பலனைத்தான் பொதட்டூர்ப்பேட்டைத் தெருக்களில் இன்றளவும் காண்கிறோம்.

காற்றை நூலுக்காக அமைப்பது நம் நாட்டு நெசவாளனின் குடிசை வழக்கம் மாத்திரம் என்று நினைப்பதும் பிசகு. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் லங்காஷயர் ஆலைகளுக்கு நல்ல பஞ்சு வருவது நின்று, நம் தேசத்துச் சூரத்துப் பஞ்சை நம்பியிருக்க நேர்ந்தபோது, அதன் குட்டை இழையைத் தறி தாங்கச் செய்யவும், துணிக்குப் பொய்யான கனம் சேர்க்கவும், கஞ்சியோடு வெள்ளைக் களிமண்ணைக் கலந்து பூசும் வழக்கம் அங்கே வலுத்தது. களிமண் பூசிய பாவு காய்ந்தால் நொறுங்கும்; ஆகையால் தறிக்கூடத்துக்குள் நீராவியைப் பாய்ச்சினார்கள். மேலிருந்து ஈரம் சொட்ட, கீழே களிமண் தூசு பறக்க, நனைந்த உடையோடு குளிரில் வீடு திரும்பிய டாட்மார்டன் நெசவாளர்கள் பொறுக்க மாட்டாமல் முறையிட்டுக்கொள்ள, அதை விசாரிக்க டாக்டர் ஜார்ஜ் பியூக்கானன் அனுப்பப்பட்டு 1872இல் அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகும் 17 ஆண்டுகள் கழிந்து, 1889இல்தான், தறிக்கூடத்தில் எவ்வளவு உஷ்ணத்துக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று வரம்பு கட்டும் சட்டம் அங்கே பிறந்தது. அந்தச் சட்டமும் நீராவியைத் தடுக்கவில்லை. சுவரில் இரண்டு உஷ்ணமானிகளை, ஒன்றின் குமிழை ஈரத்துணியால் சுற்றியும் மற்றதை வறளவிட்டும் மாட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வைக்கச் சொன்னது.

அதே லங்காஷயரில் நாடாவின் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சி ஊடை நூலை வெளியே இழுக்கும் வழக்கமும் இருந்தது. தார் தீர்ந்து புதுத் தார் மாற்றும் ஒவ்வொரு முறையும் நூலோடு பஞ்சுத் துகளும், முன்னே அதில் வாய் வைத்தவருடைய எச்சிலும் உள்ளே போகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ராஜ்யம் 1911இல் அதைத் தடை செய்தது. லங்காஷயரிலோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் அது நீடித்தது.

இந்த லங்காஷயர்ச் சம்பிரதாயம் முழுவதும் கப்பலேறி நம்மிடம் வந்து சேர்ந்தது. பெரம்பூரில் 1870களிலும் 80களிலும் எழுந்து பின்னாளில் ஒன்றாக இணைந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் திருத்தணிக்குத் தொலைவில் இருந்தவையல்ல. சென்னையிலிருந்து அரக்கோணம் வந்து வடமேற்கே திரும்பிப் பம்பாயை நோக்கிப் போகும் இருப்புப்பாதை இரண்டு ஊர்களையும் ஒரே கோட்டில் கட்டி வைத்திருக்கிறது. அந்த ஆலைகள் அக்காலத்து இந்திய ஆலைகளுள் ஒழுங்கானவை என்று பெயரெடுத்தவை. ஆனாலும், 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு ஆகியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கே உதித்தபோது, தொழிலாளி முதலாவதாகக் கேட்டவற்றுள் ஒன்று, நடுப்பகலில் வெளியே வந்து சோறுண்ண இன்னும் சற்று நேரம் வேண்டும் என்பது. அதைச் சோற்றுக்கான கோரிக்கை என்று மாத்திரம் படிப்பது போதாதென்பது என் அபிப்பிராயம். உள்ளே இருந்த உஷ்ணத்தையும் இரைச்சலையும் தூசையும் நினைத்தால், கூடத்துக்கு வெளியே நிற்கக் கிடைக்கும் ஒவ்வொரு நிமிஷமும் சுவாசத்துக்கான கூலியே ஆகும். ஆலைகளுக்குள் செயற்கையாக ஈரமூட்டும் விஷயத்தைப் பற்றி டி. மலோனி என்பார் சர்க்காருக்காக ஆராய்ந்து 1923இல் ஓர் அறிக்கை எழுதினார். இந்தியச் சர்க்கார் இதில் கவனம் செலுத்தத் தொடங்கியதற்கு அது சாட்சி.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 1949 ஏப்ரல் 1 முதல் அமலாகி, காற்றைப் பற்றி விஸ்தாரமாகப் பேசியது. 13ஆம் பிரிவு காற்றோட்டத்தையும் உஷ்ணத்தையும், 14ஆம் பிரிவு தூசையும் புகையையும், 15ஆம் பிரிவு செயற்கை ஈரத்தையும், 16ஆம் பிரிவு ஆள் நெருக்கடியையும் பற்றியவை. இவற்றுள் 16ஆம் பிரிவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சட்டம் வருவதற்கு முன் இருந்த ஆலைகளில் ஆளுக்கு 350 கன அடி இடம், பின்னால் கட்டப்படுபவற்றில் 500 கன அடி இடம் என்று அது விதித்தது. 500 கன அடி என்பது பத்தடி நீளமும் பத்தடி அகலமும் ஐந்தடி உயரமும் கொண்ட ஒரு பெட்டி. கூரையை உயர்த்திவிட்டுக் கணக்குக் காட்டும் சாமர்த்தியத்தையும் சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். தரையிலிருந்து 14 அடிக்கு மேலுள்ள வெளி கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மனிதனுக்கு இத்தனை கன அடி என்று சுவாசத்துக்குச் சர்க்கார் படியளந்த அந்த வாசகம் எனக்கு எப்போதும் ஒரு வியப்பைத் தருவது.

அதே காலத்தில் திருத்தணியின் அரசியல் தலைவிதி வேறு விதமாக அலைந்துகொண்டிருந்தது. 1911இல் அமைந்த சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்த இத்தாலுகா, 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது அதனோடு போயிற்று, ம.பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகவும், மத்தியஸ்தராயிருந்த படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படியும், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பி வந்தது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. இரு பக்கத்திலும் ஒரே நூல், ஒரே தறி, ஒரே இருமல். ஒன்றாயிருந்த சென்னை ராஜ்யத்தில் 1950இல் செய்த தொழிற்சாலை விதிகளே எல்லைக்கு இருபுறமும் பெயர் மாத்திரம் மாறித் தொடர்ந்தன. மொழிக்காக இத்தனை மும்முரமாகக் கிழித்த கோடு தறிக்கொட்டகைக்குள் எதையும் மாற்றவில்லை.

விதிகள் மாறாதிருந்தபோது தறிதான் மாறியது. கைத்தறிகளைப் படிப்படியாக யந்திரத் தறிகளாக்க வேண்டும் என்று ஜவுளித் தொழிலை ஆராய்ந்த கானூங்கோ குழு 1954இல் சொல்லியிருந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் வந்த வேகத்தில் அந்தச் சிபாரிசு தானாகவே நடந்தேறத் தொடங்கியது. ஒரு விசைத்தறி ஓடினால் ஆறு கைத்தறிகள் நிற்கும் என்று 1974இல் சிவராமன் குழு கணக்கிட்டது. பெரிய ஆலைகள் கழித்த பழைய தறிகளும், உள்ளூர்ப் பட்டறைகளில் வார்த்த புதுத் தறிகளும் நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தன. குழியைத் தூர்த்துச் சிமெண்டு பூசி, அதன்மேல் இரும்புத் தறியை நிறுத்தி, பக்கத்தில் இடமிருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஒரு கொட்டகையை நீட்டினார்கள். பெண்கள் தெருவில் கஞ்சி ஆற்றிய காலைகள் அதோடு முடிந்தன. கஞ்சி போட்டுக் காய்ந்த பாவு உருளையில் சுற்றப்பட்டு வெளியிலிருந்து வந்து இறங்கலாயிற்று. நெசவாளனுக்குத் திறந்த வெளியின் காற்றைக் கொடுத்த பாதித் தொழில் மறைந்து, மூடிய அறையின் பாதி மாத்திரம் மிஞ்சியது. பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை வழங்கும் திட்டம் 1983இல் ஏற்பட்ட பிற்பாடு தறிகளுக்கு வேலையும் பெருகியது.

இத்தகைய கொட்டகை ஒன்றுக்குள் போய் நிற்கிறவனுக்கு முதலில் காது அடைத்துப்போகும். கண் பழகிய பிறகுதான் தூசு தெரியும். விட்டத்துச் சிலந்தி வலைகள் பஞ்சு படிந்து கயிறு போலத் தடித்துத் தொங்குகின்றன. சுவரில் மாட்டிய முருகன் படத்தின் கண்ணாடியை யாரோ விரலால் துடைத்த இடத்தில் வேல் மாத்திரம் தெரிகிறது. மூலையில் ஒரு மின்விசிறி இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. ஓடினால் தூசு எழுந்து பாவில் படியும், நூலும் காய்ந்து அறும். ஜன்னல் சாத்தியிருப்பதற்கும் அதுவே காரணம். அச்சும் விழுதும் பாவோடு உராயும் ஒவ்வொரு தட்டுக்கும், காய்ந்த கஞ்சிப் பொடியும் பஞ்சிழையும் மெல்லிய மாவாக உதிர்ந்து தறிக்கடியில் சேருகின்றன. இரண்டு தறிகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து நான்கு தறிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள், துண்டை மூக்குக்கு மேலே கட்டியிருக்கிறார். ஆனால் நாடா மாற்றும்போது துண்டை இறக்கிவிட்டு வாயால் நூலை உறிஞ்சுகிறார். 1911இல் மாசசூசெட்ஸில் தடுக்கப்பட்டது அது.

இந்தத் தூசு என்ன செய்யும் என்பதை வைத்தியர்கள் நெடுநாளாக அறிவார்கள். நோயாளியைப் பார்க்கும்போது அவன் என்ன தொழில் செய்கிறான் என்றும் கேட்க வேண்டும் என்று 1700ஆம் ஆண்டிலேயே எழுதிய இத்தாலிய வைத்தியர் ரமசீனி, நார் சிக்கெடுப்போரின் இருமலை விவரித்திருக்கிறார். 1831இல் மான்செஸ்டரில் கே என்ற வைத்தியர் பஞ்சாலையாரின் இருமலைப் பற்றி எழுதினார். 1950களில் ரிச்சர்டு ஷில்லிங், பஞ்சுத் தூசினால் வரும் பிசினோசிஸ் என்னும் நோயைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். அதன் விசித்திரம் யாதெனில், ஓய்வு நாள் கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். வாரம் போகப்போகத் தளரும். தொடக்கத்தில் திங்கட்கிழமை மாத்திரம். பிறகு எல்லா நாளும். முடிவில் தொழிலை விட்டாலும் விடாது. பஞ்சின் சருகுத் துணுக்கிலும் அதில் ஒட்டிய கிருமிகளின் நஞ்சிலும் அதற்குக் காரணம் உண்டென்று பின்னால் தெரிந்தது. நியாயமாகச் சொன்னால், பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் கூடங்களில் இந்நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவு தறிக்கூடத்தில் இல்லை. ஆகையால்தான் அமெரிக்கச் சர்க்கார் 1978இல் வகுத்த வரம்பு, நூற்புக்குக் கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்றும் நெசவுக்கு 0.75 என்றும் இருந்தது. ஆனால் நெசவுக்கென்றே வேறு இருமல்கள் உண்டு. புளியங்கொட்டை மாவில் காய்ச்சிய கஞ்சியை ஆங்கில ஆலை ஒன்றில் உபயோகித்தபோது நெசவாளர் பலர் ஒருசேர இருமலிலும் நெஞ்சடைப்பிலும் விழுந்ததை மூன்று வைத்தியர்கள் 1957இல் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் நெசவுக் கஞ்சிக்கு நெடுங்காலம் பயன்பட்ட மாவு அது! இங்கே இருமியவர்களை எண்ணி எழுத அன்று யாரும் இல்லை. 1966இல் அகமதாபாத்தில் தொழில்நோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையம் எழுந்த பிறகே இந்த எண்ணிக்கைகளுக்கு நம் தேசத்தில் ஓர் இருப்பிடம் ஏற்பட்டது.

மூச்சுத்திணறலை அளக்க ஆங்கில வைத்தியர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, சிறு மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்பது. அந்தக் கேள்விக்கு 365 படிகளைக் காட்டிலும் உத்தமமான கருவி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? ஆடிக் கிருத்திகைக்குத் தறியை நிறுத்திவிட்டுக் காவடியோடு வரும் நெசவாளர், போன வருஷம் நிற்காமல் ஏறிய படியில் இந்த வருஷம் நின்றால், அதை வயதின் மேல் போட்டுவிடுகிறார். இப்போது மலைக்கு மேலேயே வண்டி போகும் சாலை இருப்பதால் நிற்க வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது.

இவ்வளவுக்கும் சட்டம் ஏன் இங்கே வரவில்லை என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலை என்பது, மின்விசை ஓடுமிடத்தில் பத்துப் பேராவது வேலை செய்வதாக இருந்தது. பொதட்டூர்ப்பேட்டையின் கொட்டகைக்கு அத்தனை பேர் தேவையில்லை. எட்டுத் தறிக்கு இரண்டு பேர் போதும். குறைந்த ஆள் உள்ள இடங்களையும் ராஜ்ய சர்க்கார் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று அதன் 85ஆம் பிரிவு ஒரு வழியைத் திறந்திருந்தது; ஆனால் உரிமையாளர் தம் குடும்பத்தார் துணையோடு மாத்திரம் தொழில் நடத்தும் இடம் அதற்கு விலக்காயிருந்தது. வீட்டுக்குள் தறி இருக்க வேண்டும் என்று நெசவாளர் விரும்பியதும், வீட்டுக்குள் நுழையலாகாது என்று சட்டம் மரியாதை காட்டியதும் இப்படி ஒன்றையொன்று சந்தித்தன. வேறு தொழிலில் இந்த மரியாதை கடைப்பிடிக்கப்படவில்லை. தொழிலாளர் நிலைமையைப் பற்றி 1929 முதல் விசாரணை நடத்தி 1931இல் அறிக்கை தந்த விட்லி கமிஷன் ஜன்னலற்ற சிறு அறைகளில் பீடி சுற்றுவோரைக் கண்டு மனம் பதைத்து எழுதியது. சென்னைச் சட்டசபை 1958இல் பீடித் தொழிலிடங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. புகையிலைத் தூசுக்குக் கிடைத்த கவனம் பஞ்சுத் தூசுக்குக் கிடைக்கவில்லை.

விசைத்தறிக்காரருக்குச் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவும் முடியாது. 2006 முதல் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் இனாமாகக் கிடைத்தது. 2016இல் அது 750 ஆயிற்று. 2023இல் 1,000 ஆயிற்று. சிறு கொட்டகைகள் பிழைத்திருப்பதற்கு அந்தச் சலுகை பெருங்காரணம். மீட்டர் படிக்க வரும் ஊழியர் வாசலிலேயே எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடுகிறார். உள்ளே ஈரக் குமிழும் வறள் குமிழும் மாட்டிய சுவர் கிடையாது, அவற்றைப் படிக்க ஒருவர் வருவதும் கிடையாது. பாராளுமன்றம் 2020இல் இயற்றிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தொழிற்சாலைக்கு வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையை, மின்விசை உள்ள இடத்தில் பத்திலிருந்து இருபதாக உயர்த்தியிருக்கிறது.